சிமிழ் மூடியில் ஒரு பச்சை

லண்டன், கிளார்க்கன்வெல்
1823 செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணா எவாரிஸ்தோவுக்குத் தம்பி செவெரினோ வணக்கத்துடன் எழுதுவது.

இவ்விடம் நான் சுகம். நூன்சியாவின் இருமல் எப்படி இருக்கிறது? விளக்கடியில் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். கண்ணாடி நூல் இழுக்கிறேன் என்று அவள் நாள் முழுக்க அந்தச் சுடரின் முன்னால் குனிந்திருப்பாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார விடாதீர்கள். சண்டைக்கு வருவாள், வரட்டும்.

ஒரு வேலை வந்திருக்கிறது. விதவைச் சீமாட்டி ஒருவர் தங்கத்தில் மூக்குப்பொடிச் சிமிழ் கேட்கிறார். சிமிழை நான் செய்கிறேன். மூடியில் பதிக்க, கண்ணாடித் துணுக்குகளை நட்டு நீங்கள் செய்கிற சித்திரச் சில்லு ஒன்று அனுப்ப வேண்டும். என்ன படம் என்று கேட்டேன். மடியில் இருந்த நாயைத் தூக்கிக் காட்டினார். வெள்ளையும் பழுப்புமாக, காது தொங்குகிற நாய். காலஞ்சென்ற கணவரின் முகத்தைப் போடலாமே என்றார் என் முதலாளி. அதற்கு அந்த அம்மாள் சொன்ன பதில் இது: "அவர் ஒரு நாளாச்சும் என் கால்மாட்டுல வந்து படுத்திருக்காரா?"

நாயின் படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அது ஒரு ஒலிவ மர நிழலில் படுத்திருப்பது போல இருக்கட்டும். நம் ஊர் மரம் அந்த அம்மாளுக்குத் தெரியாது, ஏதாவது மரம் என்று சொல்லியிருக்கிறேன். எந்தப் பச்சை என்பது நூன்சியாவுக்குத் தெரியும்.

அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று விவரமாக எழுதவும். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

தம்பி
செவெரினோ

*

ரோம்
1823 செப்டம்பர் 30

அன்புத் தம்பி செவெரினோவுக்கு ஆசிகள்.

நாங்கள் இருவரும் நலம். நூன்சியாவுக்கு மட்டும் நாலு நாளாகக் காய்ச்சல். இந்தப் பருவத்தில் ஆற்றங்கரைப் பக்கம் போய்வருகிற எல்லோருக்கும் வருவதுதான், பயப்படாதே. சனிக்கிழமை எழுந்து உட்கார்ந்து உன் நாயைப் பார்த்தாள். பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"வயித்துக்கு மட்டுமே அஞ்சு பழுப்பு வேணும். உன் தம்பிக்கு என்ன, அங்க உக்காந்துகிட்டு நாய வரைஞ்சு அனுப்பிடுவான். இழுக்கறவளுக்குத்தான தெரியும்."

ஆனாலும் ஞாயிறு காலை பூசைக்குக்கூடப் போகாமல் பழுப்பு நூல்கள் ஐந்தையும் இழுத்து முடித்துவிட்டாள். எல்லாம் தலைமுடி பருமன். நான் வெட்டி, இடுக்கியால் எடுத்துப் பசையில் நட ஆரம்பித்திருக்கிறேன். காது முடிந்தது. ஒரு காதுக்கே நானூறு சில்லுக்கு மேல் போயிருக்கும்.

மரத்துக்குத் தன்னுடைய அந்தப் பச்சையைத்தான் போடுவேன் என்கிறாள். உனக்கு நினைவிருக்கும், கரும்பச்சை, இளம்பச்சை, விளிம்பில் ஒரு துளி மஞ்சள், மூன்றையும் ஒன்றாக உருக்கி ஒரே நூலாக இழுப்பாளே, அது. வெட்டினால் ஒவ்வொரு சில்லும் ஒருபக்கம் வெயில்பட்ட இலை மாதிரி இருக்கும். ரோமில் வேறு யாருக்கும் அது வரவில்லை. காய்ச்சல் தணிந்ததும் இழுப்பாள்.

உன்னைக் குளிருக்குத் துணி வாங்கச் சொன்னாள். எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, வேறொன்றும் இல்லை.

அண்ணன்
எவாரிஸ்தோ

*

லண்டன்
1823 அக்டோபர் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. நாலு நாள் காய்ச்சல் என்பதைச் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். சிங்கோனாப் பட்டைக் கஷாயம் கொடுத்தீர்களா? ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற காய்ச்சலா, தினமும் வருகிறதா? வைத்தியர் யார்?

பச்சையும் வேண்டாம், மரமும் வேண்டாம். நாய் வெறும் தரையில் படுத்திருக்கட்டும். அந்தச் சீமாட்டியை நான் சமாளித்துக்கொள்கிறேன். நூன்சியாவை விளக்குப் பக்கமே விடாதீர்கள்.

அடுத்த தபாலிலேயே பதில் வேண்டும். ஒரே வரி போதும்.

செவெரினோ

*

ரோம்
1823 டிசம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பல்லைப் பிடுங்கிய இடம் வீங்கி, குனிந்து எழுத முடியாமல் இருந்தேன்.

நூன்சியாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீ இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை. இருமலும் இல்லை.

சித்திரச் சில்லு முடிந்துவிட்டது. மெருகு போட்டு, இடுக்குகளில் மெழுகு தேய்த்து, நேற்று ஊர் திரும்பிய ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரிடம் பஞ்சில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். பத்திரமாகக் கொண்டுவருவார். நாயின் மூக்கில் ஒரு வெள்ளைச் சில்லு வைத்திருக்கிறேன், ஈரம்போலத் தெரிகிறதா பார். மரமும் போட்டிருக்கிறேன்.

இங்கே வடகாற்று தொடங்கிவிட்டது. நூன்சியா சந்தையில் வாதுமை விற்கிறவளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வாதுமைக்காரி தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாளாம். "விரலுக்கும் சேத்துக் காசு குடுத்துட்டேன், விரல வெட்டி எங்கிட்ட குடு" என்று இவள் கேட்டாளாம். சந்தையே சிரித்ததாக வீட்டுச் சொந்தக்காரி அஸ்ஸுந்தா சொன்னாள்.

கடிதம் போடு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போடு. உன் கடிதம் வந்தால் அவளுக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம்.

அண்ணன்
எவாரிஸ்தோ

*

லண்டன்
1824 ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாதிரியார் சில்லைக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரு சிறு கீறல்கூட இல்லை. மூடியில் பதித்துவிட்டேன். நாயின் மூக்கு உண்மையிலேயே ஈரமாகத்தான் தெரிகிறது. சீமாட்டி அதைத் தன் நாய்க்கே காட்டினார். அது மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

மரமும் நன்றாக இருக்கிறது.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வீட்டில் விறகு இருக்கிறதா? வடகாற்று நாட்களில் மேல்மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டாம். இனி இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம் போடுகிறேன்.

தம்பி
செவெரினோ

*

ரோம்
1824 மார்ச் 4

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

நாங்கள் நலம். இந்தக் குளிர்காலத்தில் உன்னிடமிருந்து மூன்று கடிதங்கள். ஒன்பது வருஷத்தில் இப்படி வந்ததில்லை. நூன்சியா மூன்றையும் அடுப்பு மேல்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறாள்.

நேற்றோடு தவக்காலம் தொடங்கிவிட்டது. முந்தின நாள் வரை திருவிழாவில் ஊரே கூத்தாடியது. இந்த வருஷம் நாங்களும் போனோம், கேட்டுக்கொள். அஸ்ஸுந்தாவின் மைத்துனனுக்குக் கோர்ஸோ வீதியில் ஒரு பால்கனி கிடைத்தது. நூன்சியா என் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, கரியால் மீசை வரைந்துகொண்டு வந்தாள். கீழே போன வண்டிகள் மேல் சுண்ணாம்பு உருண்டைகளை எறிந்து, ஒரு நோட்டரியின் கண்ணாடியைக் கீழே விழவைத்துவிட்டாள். ஆள் ஏறாமல் வீதியில் பந்தயம் ஓடுகிற குதிரைகளை அவிழ்த்துவிட்டபோது பால்கனி விளிம்பில் சாய்ந்து கத்தினாளே பார்க்கணும். "செவெரினோ இருந்திருந்தா பந்தயம் கட்டியிருப்பான்" என்றாள்.

வீடு திரும்பும்போது கால் வலிக்கிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்போதெல்லாம் அவள் நன்றாகத் தூங்குகிறாள்.

நீ அவளை அண்ணி என்று எழுதியிருந்தது எனக்கு மகிழ்ச்சி. இத்தனை நாள் நீ அப்படி எழுதியதில்லை. அவளிடமும் படித்துக் காட்டினேன்.

அண்ணன்
எவாரிஸ்தோ

*

லண்டன்
1824 மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருவிழாவைப் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். கரி மீசை எப்படி இருந்தது என்று இன்னும் கொஞ்சம் எழுதுங்கள். நோட்டரி என்ன சொன்னார்? தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்றீர்களே, எந்த வழியாக வந்தீர்கள்? பழைய மாட்டுச் சந்தை வழியா, படிக்கட்டு வழியா?

அவசரமில்லை. நினைவு வரும்போது எழுதுங்கள்.

அண்ணிக்கு வணக்கம்.

செவெரினோ

*

ரோம்
1824 ஏப்ரல் 22

தம்பி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

பாஸ்காப் பண்டிகை கழிந்த செவ்வாய்க்கிழமை பங்குச் சாமியார் வீடுகளை மந்திரிக்க வந்தார். வருஷா வருஷம் வருவதுதான். தீர்த்தம் தெளித்துவிட்டு, பேரேட்டைத் திறந்து, வீட்டில் யார் யார் என்று எழுதிக்கொண்டு போவார். அவர் தலை நிமிராமலே கேட்டார்: "இந்த வீட்டுல எத்தன ஆத்துமா?"

"ரெண்டு சாமி" என்றேன்.

எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். உடன் வந்த கோயில்பிள்ளையை வெளியே போய் நிற்கச் சொன்னார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "எவாரிஸ்தோ, நாந்தானப்பா அடக்கம் பண்ணேன்."

அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பேரேட்டில் 'ஒன்று' என்று எழுதினார். மை காய்கிறவரைக்கும் அந்தப் பக்கத்தை மூடாமல் இருந்தார். நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூன்சியா போன அக்டோபர் ஒன்பதாம் தேதி இறந்துவிட்டாள். காய்ச்சல் பதின்மூன்று நாள். கஷாயம் கொடுத்தோம், இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள். நீ பட்டை கொடுக்கச் சொல்லி எழுதிய கடிதம் வந்தபோது அவளை மண்ணில் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எத்தனை தாள் கிழித்தேன் என்று தெரியாது. 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று எழுதியதும் கை அப்படியே ஓடியது. பொய் எழுதுகிறோம் என்றே தோன்றவில்லை. சந்தைச் சண்டை உண்மையில் நடந்ததுதான், ஆறு வருஷத்துக்கு முன்னால். திருவிழாவுக்கு நாங்கள் போனது நடக்கவே இல்லை. அன்றைக்கு நான் சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தேன். சத்தம் மட்டும் வந்தது.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். சொல்கிறேன், கோபப்படாதே. நீ ஊரைவிட்டுப் போனது எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால். லண்டனில் வேலை கிடைத்தது என்றாய். ஏன் போனாய் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசியதில்லை. ஒன்பது வருஷமாக நீ எழுதிய கடிதங்களில் எனக்கென்று ஒரு வரிதான் இருக்கும், கடைசி வரி. மற்றதெல்லாம் அவளுக்கு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் வழியாகவாவது உன் கையெழுத்து இந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் இல்லை என்று எழுதினால் அதோடு அதுவும் நின்றுவிடும் என்று பயந்தேன். பேச இந்த வீட்டில் யாரும் இல்லை செவெரினோ. அஸ்ஸுந்தா சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான்.

இனி நீ எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. மூன்று மாதமாக நீ எழுதிய கடிதங்களுக்கு என் நன்றி. அவை எனக்கு வந்தவை அல்ல என்று தெரிந்தே வாங்கிக்கொண்டேன்.

எவாரிஸ்தோ

*

லண்டன்
1824 மே 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்தே தெரியும்.

பாதிரியார் கொண்டுவந்த பொட்டலத்தைப் பட்டறையில் பிரித்தேன். சில்லைச் சிமிழ் மூடிக்கு அளவு பார்ப்பதற்காகப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தேன். நாய் நூன்சியா இழுத்த நூல். ஐந்து பழுப்பையும் எண்ணினேன். மரத்துக்கு வந்தேன். ஒரே பச்சை. விளிம்பில் மஞ்சள் இல்லை, உள்ளே இருட்டு இல்லை, கடையில் கட்டுக்கட்டாக விற்கிற நூல். எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாலும் அவள் அந்தப் பச்சையை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள். படுத்தபடியே உங்களைத் திட்டி அதைத் தெருவில் கொட்டச் சொல்லியிருப்பாள். நீங்கள் அதை வாங்கிவந்து, வெட்டி, ஒவ்வொன்றாக நட்டிருக்கிறீர்கள் என்றால் தடுக்க யாரும் இல்லை என்று அர்த்தம்.

மூடியின் விளிம்பை மடக்குகிற வேலை பாக்கி இருந்தது. அன்று அதைச் செய்யவில்லை. மறுநாள் செய்தேன்.

மார்ச்சில் உங்கள் திருவிழாக் கடிதம் வந்தபோது கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. பத்து வயதில் அவள் கண் முன்னாலேயே அந்தப் பந்தயக் குதிரைகள் அவள் சித்தப்பாவை மிதித்துவிட்டன. அதற்குப் பிறகு திருவிழா நாளில் கோர்ஸோப் பக்கம் அவள் போனதே இல்லை. உங்களுக்கு அது தெரியாதா என்று ஆச்சரியப்பட்டேன். அவள் என்னிடம் சொன்னது, உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். இனி எதையும் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றால், நீங்கள் எழுதுகிற நூன்சியா எனக்கும் வேண்டியிருந்தாள். மீசை வரைந்துகொண்டு கத்துகிறவளை நான் பார்த்ததில்லை. படிக்கப் படிக்க நன்றாக இருந்தது. உங்களை இன்னும் எழுதவைத்தேன். அது தப்பு. நீங்கள் அங்கே தனியாக உட்கார்ந்து அதை எழுதுகிறீர்கள் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். உயிரோடு இருந்தவரை அவளை அண்ணி என்று என்னால் எழுத முடியவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அண்ணா. கேட்க எனக்கு உரிமை இல்லை. கடைசி நாட்களில் அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? ஒரு வார்த்தை என்றாலும் சரி.

செவெரினோ

*

ரோம்
1824 ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

உன் கேள்விக்கு 'ஆமாம், சொன்னாள்' என்று பதில் எழுதி முடித்து, ஒட்டவும் ஒட்டிவிட்டேன். அதில் அவள் உன் பேரைச் சொல்லிக் கண்ணை மூடினாள். அழகாகத்தான் எழுதியிருந்தேன். நாலு மாதப் பழக்கம். மறுநாள் தபாலில் சேர்க்கப் போகும்போது வழியிலேயே கிழித்துப் போட்டேன்.

அவள் உன் பேரைச் சொல்லவில்லை. என் பேரையும் சொல்லவில்லை.

கடைசி இரண்டு நாள் அவள் எங்கேயோ இருந்தாள். தன் அப்பாவின் உலைக்களத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினாள். ஒன்பதாம் தேதி மத்தியானம் தெளிவாகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். யார் என்று தெரிந்து பார்த்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"மழை வருது, மாடியில துணி கெடக்கு, எடுத்துட்டு வா" என்றாள்.

அன்றைக்கு நல்ல வெயில். மாடியில் துணியும் இல்லை. "மழ இல்ல நூன்சியா" என்றேன். அவள் திரும்பவும் சொன்னாள். "மழயே இல்ல, பாரு, வெயிலு அடிக்குது" என்று சன்னல் திரையை வேறு விலக்கிக் காட்டினேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. சாயங்கால மணி அடிப்பதற்குள் போய்விட்டாள்.

போய் எடுத்துவருவதுபோல மாடிப்படி நாலு ஏறி இறங்கியிருக்கலாம். எடுத்தாச்சு என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பிறகு உனக்கு அத்தனை பொய் எழுதினேன், அவளுக்கு அந்த ஒன்றைச் சொல்லவில்லை. நடந்தது இதுதான். யாரிடமும் இதைச் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

குதிரை விஷயம் எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷமும் திருவிழா வந்தால் அவளுக்குத் தலைவலி வரும். தலைவலி என்றே நினைத்திருந்தேன்.

அண்ணன்
எவாரிஸ்தோ

*

லண்டன்
1824 செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் ஜூன் மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். இடையில் நீங்கள் இரண்டு கடிதம் போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நேற்றுத்தான் பிரித்தேன். நான் இறந்துவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை.

ஜூலையில் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். உங்களுக்கு எழுதவில்லை, நேரில் வந்து நிற்கலாம் என்று. டோவர் துறைமுகம் வரை போனேன். காற்று சரியில்லாததால் கப்பல் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் எல்லோரும் ஏறினார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டேன்.

நான் வந்து கதவைத் தட்டினால் நீங்கள்தான் திறப்பீர்கள். திறந்ததும் என் கண் உங்களைத் தாண்டி உள்ளேதான் போகும். அதை நீங்கள் பார்ப்பீர்கள். ஒன்பது வருஷம் கழித்து வந்து உங்களுக்கு அதையா காட்டுவது என்று தோன்றியது. அதனால் திரும்பிவிட்டேன். இங்கே வந்து படுத்தேன். ஆகஸ்ட் முழுக்கப் பட்டறைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, எழுந்திருக்கத் தோன்றவில்லை. இதற்கு முன் என்னைப் பற்றி நான் உங்களுக்கு எதுவும் எழுதியதில்லை என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அந்த மத்தியானத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானாக இருந்தாலும் மழை இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவளோடு பேச்சுக்குப் பேச்சு மல்லுக்கு நிற்காமல் இருக்க நம் இருவருக்குமே வந்ததில்லை.

டோவரில் பயணச்சீட்டு எழுதுகிறவன், ரோமில் யார் இருக்கிறார்கள், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டான். அண்ணன் என்றேன். வேறு யாரும் உண்டா என்றான். இல்லை, அண்ணன் மட்டும்தான் என்றேன். அவன் அப்படியே எழுதிக்கொண்டான்.

பிடுங்கிய பல்லின் வீக்கம் வற்றிவிட்டதா? பக்கத்துப் பல் எப்படி? அஸ்ஸுந்தாவின் சூப்பைத் தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்? எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், பிறகு என்ன செய்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள்? எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். ஒன்றும் நடக்காத நாளாக இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுங்கள்.

இவ்விடம் நான் நலம்.

உங்கள் தம்பி
செவெரினோ